சென்னையிலேர்ந்து டெல்லிக்கு ரயில்ல வீட்டுச் சாப்பாட்டோட போறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

போன வருஷம் தை மாசம் நானும் அம்மாவும் டெல்லில இருக்கற அக்கா வீட்டுக்கு ரயில்ல கிளம்பினோம். அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் எனக்கு ரத்தப் பரிசோதனைல எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சர்க்கரையக் காட்டற அளவு) 6.1னு வந்திருந்தது. 5.7 லேர்ந்து 6.4 வரைக்கும் இருந்தா சர்க்கரை இன்னும் வரல, ஆனா வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம். டாக்டர் மாத்திரை எதுவும் எழுதல, சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாரு. ஒரு மாசம் ஒழுங்காவும் இருந்தேன். அப்புறம் இந்தப் பயணம் வந்துச்சு.

கிளம்பற அவசரத்துல சூடு ஆறாத தயிர்சாதத்த பிளாஸ்டிக் டப்பால அடைச்சு இறுக்கி மூடி எடுத்துட்டுப் போய்ட்டோம். மறுநாள் மதியம் திறந்தா குப்புன்னு ஒரு வாடை, கரண்டிய தூக்கினா நூல் நூலா வருது. அப்படியே கொட்டியாச்சு. அப்புறம் என்ன, பசிக்கு எது கண்ணு முன்னாடி வருதோ அதெல்லாம் வாங்கி, சமோசா, கட்லெட், பிரெட் ஆம்லெட், நடுநடுவுல சர்க்கரை போட்ட டீ ஆறேழு. ஆக்ரா தாண்டறதுக்குள்ள அம்மாவுக்கு வயித்துப்போக்கு ஆரம்பிச்சிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடற வண்டில 67 வயசு அம்மாவ கைத்தாங்கலா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனது இன்னும் மறக்கல.

அதுக்கப்புறம் நாலு தடவை போய்ட்டு வந்துட்டோம், ஒரு பிரச்சனையும் இல்ல. என்ன மாத்தினோம்னு கேக்கறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் போன்ல சொல்லிட்டு இருக்கறதுக்கு பதிலா இங்க மொத்தமா எழுதிடறேன்.

1. டிக்கெட் போடும்போதே சாப்பாட்டு வேளைய எண்ணிக்கோங்க

எல்லாரும் எந்த வண்டி சீக்கிரம் போகும்னு பாக்கறாங்க. நீங்க வண்டிக்குள்ள எத்தனை வேளை சாப்பிட வேண்டியிருக்கும்னு பாருங்க. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரல்ல கிளம்புது, அடுத்த நாள் முழுக்க ஓடி, அதுக்கு மறுநாள் விடிகாலைல புதுடெல்லி போய் சேரும். கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர். கணக்கு போட்டா ஒரு காலை டிபன், ஒரு மதிய சாப்பாடு, ஒரு சாயங்கால தீனி, ஒரு ராத்திரி சாப்பாடு, அவ்வளவுதான். கிளம்பற ராத்திரி சாப்பாட்ட வீட்டுலயே ஏழரைக்குள்ள முடிச்சிடலாம். சாயங்காலம் கிளம்பற வண்டின்னா ஒரு வேளை கூடிடும், அந்த ஒரு வேளைக்குக் கட்டற சாப்பாடும் மூட்டைல ஏறிடும்.

ரிசர்வேஷன் இப்போ 60 நாள் முன்னாடிதான் திறக்கும், 2024 நவம்பர் 1 லேர்ந்து இப்படித்தான், முன்ன மாதிரி 120 நாள் இல்ல. காலைல எட்டு மணிக்கு ரெடியா உக்காந்திருங்க. ஐஆர்சிடிசி (ரயில் டிக்கெட் போடற வெப்சைட்) அக்கவுண்ட்ல ஆதார முன்கூட்டியே வெரிஃபை பண்ணி வெச்சிடுங்க, கடைசி நேரத்துல ஓடிபி வராம திண்டாடாதீங்க. தத்கால்ல, அதாவது கடைசி நேர டிக்கெட், போடணும்னா 2025 ஜூலை லேர்ந்து ஆதார் வெரிஃபை பண்ணின அக்கவுண்ட் இருந்தாத்தான் முடியும். ஏசிக்கு முந்தின நாள் காலை பத்து மணி, ஸ்லீப்பருக்கு பதினோரு மணி. கன்ஃபார்ம் ஆன தத்கால் டிக்கெட்ட கேன்சல் பண்ணினா ஒரு பைசா திரும்ப வராது, அத மனசுல வெச்சுக்கிட்டு போடுங்க.

பெரியவங்க கூட வந்தா கீழ் பெர்த் ரொம்ப முக்கியம். 60 தாண்டின ஆண்களுக்கும் 45 தாண்டின பெண்களுக்கும் லோயர் பெர்த் கோட்டா இருக்கு, ஆனா தனியாவோ ரெண்டு பேராவோ போட்டாத்தான் அது வேலை செய்யும். குடும்பமா நாலு பேர ஒரே டிக்கெட்ல போட்டுட்டு அப்பாவுக்கு அப்பர் குடுத்துட்டாங்கன்னு நிறைய பேரு வருத்தப்படறாங்க, காரணம் இதுதான். சீனியர் சிட்டிசன் சலுகை 2020 மார்ச்லயே எடுத்துட்டாங்க, இன்னும் இருக்குன்னு நினைச்சு பட்ஜெட் போடாதீங்க.

நான் மூணாவது ஏசி தான் சொல்வேன். சொகுசுக்காக இல்ல, சாப்பாட்டுக்காக. ஏசி பெட்டில இட்லி சாயங்காலம் வரைக்கும் கூட நல்லாருக்கு, மே மாச ஸ்லீப்பர்ல பத்து மணிக்கே புளிச்சிடும்.

2. கைப்பைல இருக்க வேண்டியது

பெரிய பெட்டி சீட்டுக்கு அடில போய்டும், நடுராத்திரி அத இழுக்க முடியாது. அதனால இதெல்லாம் தோள்ல மாட்டற பைல:

- ஐடி. ஆதாரோ வோட்டர் ஐடியோ ஒரிஜினல். ஜெராக்ஸ நம்பாதீங்க. டிஜிலாக்கர்ல இருந்தாலும் ஒத்துக்கறாங்க, ஆனா வழில பல இடத்துல நெட்டே வராது.
- மாத்திரை, ரெண்டு நாளைக்கு கூடுதலா, ஸ்ட்ரிப்போட. உதிரியா டப்பால போட்டா ஏதாவது ஆச்சுன்னா என்ன மாத்திரைன்னு யாருக்கும் தெரியாது. கூடவே டாக்டர் சீட்டோட போட்டோ ஒண்ணு போன்ல.
- ஓஆர்எஸ் (வயித்துப்போக்குக்கு தண்ணில கலந்து குடிக்கற உப்பு சர்க்கரைத் தூள்) பாக்கெட் நாலு. எவ்வளவு தண்ணில கலக்கணும்னு பாக்கெட்லயே போட்டிருக்கும், அத கூட்டி குறைக்காதீங்க. அந்த ராத்திரி எங்ககிட்ட இது இல்ல, பக்கத்து பெர்த்ல இருந்த ஒரு அம்மா குடுத்தாங்க.
- சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க ஒரு குளுக்கோஸ் பாக்கெட். வண்டி லேட் ஆகி சாப்பாடு தள்ளிப்போனா திடீர்னு சர்க்கரை இறங்கிடும், அப்போ கடலை மிட்டாய் மென்னுட்டு இருக்க நேரம் இருக்காது.

3. மெனு போடற விதம்

எனக்கு நாலு தடவைல புரிஞ்சது ஒண்ணுதான். சமைச்ச சாதத்த எடுத்துட்டுப் போகாதீங்க. ஈரம் கம்மியா இருக்கறத எடுத்துட்டுப் போங்க, ஈரம் தேவைப்படறத வண்டில வெச்சு கலந்துக்கோங்க.

சாதத்த ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, வடிச்ச சாதம் வெளில மணிக்கணக்கா இருந்தா அதுல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா வளரும், அது விடற நச்சு திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. சூட்டோட மூடி வெச்சா இன்னும் வேகமா வளரும். எங்க தயிர்சாதத்துக்கும் இந்த மாதிரி ஏதோதான் ஆகியிருக்கணும். புளியோதரை தாங்கும், பாட்டி காலத்துலேர்ந்து கட்டிட்டுப் போறாங்கன்னு சொல்வீங்க. புளியும் எண்ணெயும் இருக்கறதால தாங்கும், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு அத விட நல்ல வழி ஒண்ணு கெடைச்சிருக்கு, அடுத்ததுல சொல்றேன்.

சாப்பிடற வரிசைல எது முதல்ல கெடுமோ அது முதல்ல:

காலைல வாரங்கல் பக்கம்: பொடி இட்லி, ஆளுக்கு மூணு. கூடவே வெறும் தாளிச்ச பச்சைப்பயறு சுண்டல், தேங்காய் போடாதது. சுண்டல காலைலயே முடிச்சிடணும், மிச்சம் வைக்கக் கூடாது.

மதியம் நாக்பூர் வர்றதுக்கு முன்னாடி: சிகப்பு அவல் புளி சாதம், முழு வெள்ளரிக்கா ஒண்ணு, டெட்ரா பாக் மோர்.

சாயங்காலம்: வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, கொய்யாப்பழம். குளிர்காலத்துல நாக்பூர்ல ஆரஞ்சு விப்பாங்க, நாங்க அங்கயே ஒரு கிலோ வாங்கிடுவோம்.

ராத்திரி போபால் சமயம்: சப்பாத்தி, தக்காளித் தொக்கு, கேரட்.

ஒரு நாளைக்கு காய் பழம் எல்லாம் சேர்த்து 400 கிராமாவது சாப்பிடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ரயில்ல முதல்ல அடிபடறது அதுதான், ஏன்னா காய் எவனும் விக்க வரமாட்டான். அதனால வெள்ளரி, கேரட், கொய்யா எல்லாத்தையும் வீட்டுல கழுவித் துடைச்சு முழுசா எடுத்துட்டுப் போங்க. நறுக்கி எடுத்துட்டுப் போனா மூணு நாலு மணி நேரத்துல தண்ணி விட்டுக்கும்.

தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசாலா, வெங்காயம் வதக்கிப் போட்ட எதுவும் வேண்டவே வேண்டாம்.

4. கிளம்பற நாள் சமையல், மணி வாரியா

எல்லாத்தையும் கடைசி ரெண்டு மணி நேரத்துல பண்றதுதான் பெரிய தப்பு. சமைக்க நேரம் இருக்கும், ஆற வைக்க நேரம் இருக்காது. வீட்டுலேர்ந்து எட்டு மணிக்கு கிளம்பணும்னா நாலு மணிக்கு அடுப்ப பத்த வெச்சாகணும்.

முந்தின நாளே பண்ண வேண்டியது புளிக்காய்ச்சலும் தொக்கும். புளிக்காய்ச்சல் நல்லா எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கற வரைக்கும் கொதிக்கணும், ஓரத்துல தண்ணி தெரிஞ்சா இன்னும் ஆகலன்னு அர்த்தம். தொக்கும் அப்படியேதான். ரெண்டையும் நல்லா துடைச்சு வெயில்ல காய வெச்ச கண்ணாடி பாட்டில்ல போடுங்க. ஈரக் கரண்டி விட்டீங்கன்னா எல்லாம் வீண்.

அன்னைக்கு நாலு மணிக்கு சப்பாத்தி. தண்ணிக்கு பதிலா வெதுவெதுப்பான பால் ஊத்தி பிசைஞ்சா மறுநாளும் மெத்துனு இருக்கும், ஆனா அது டெல்லிலேர்ந்து திரும்பும்போது குளிர்காலத்துக்கு சரி. சென்னைல வெயில் காலத்துல பால் சேர்த்தா ராத்திரிக்குள்ள புளிப்பு தட்டுது, அதனால இங்க வெந்நீரும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் போதும். சுட்டு எடுத்தத ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதீங்க, ஃபேனுக்கு கீழ துணில பரப்பி வேர்வை போற வரைக்கும் விடுங்க.

அஞ்சரைக்கு இட்லி. இது கொஞ்சம் பொறுமையா பண்ணணும். ஈடு எடுத்ததும் தட்டுல போட்டு பத்து நிமிஷம் ஆற விட்டு, வெறும் கையால தொட்டா ஒட்டாத பதம் வந்ததும் ரெண்டு பக்கமும் நல்லெண்ணெய் தடவி பொடிய அழுத்தித் தேய்க்கணும். பொடி எண்ணெயக் குடிச்சு கொஞ்சம் கருத்து, இட்லி ஓரத்துல சேறு மாதிரி ஒட்டிக்கும், அந்தப் பதம்தான் வேணும். அப்புறம் முழுசா ஆறணும், நடுவுல விரல் வெச்சா சூடே தெரியக் கூடாது, அதுக்கு அரை மணியாவது ஆகும். வாழை இலைய அடுப்புத் தணல்ல காட்டி வாட்டி, தண்ணி துடைச்சிட்டு, அதுல மூணு மூணா கட்டி நூல் சுத்துங்க. ஆளுக்கு ஒரு பொட்டலம். ஒரே டப்பால எல்லாத்தையும் போட்டா முதல் மூணு எடுக்கறதுக்குள்ள மத்ததெல்லாம் உதிர்ந்திடும்.

அவலுக்கு சமையலே இல்ல. கெட்டி சிகப்பு அவல் ரெண்டு டம்ளர், வறுத்த வேர்க்கடலை, தாளிச்ச கறிவேப்பிலை கொஞ்சம், எல்லாம் காஞ்சபடியே ஒரு டப்பால. வண்டில சாப்பிடறதுக்கு அரை மணி முன்னாடி குடிதண்ணி ஊத்தி ஊற வெச்சு, ஊறினதும் கைல அழுத்தி மிச்ச தண்ணிய ஒட்டப் பிழிஞ்சிட்டு, புளிக்காய்ச்சல் ரெண்டு ஸ்பூன் போட்டு பிசையுங்க. பிசைஞ்சு பத்து நிமிஷம் மூடி வெச்சீங்கன்னா புளி உள்ள இறங்கி, கோயில் புளியோதரைக்கு பக்கத்துல வந்து நிக்கும். அப்போதான் கலந்ததால கெட்டுப்போக நேரமே இல்ல. அம்மா முதல்ல நம்பல, இப்போ அவங்கதான் எங்க ஊருக்கு பஸ்ல போகும்போது கூட அவல் டப்பா தேடறாங்க.

5. பாக்கிங்

எவர்சில்வர் டப்பா நல்லது, ஆனா கனம். நாங்க ரெண்டு எவர்சில்வர், மிச்சம் வாழை இலைப் பொட்டலம்னு வெச்சுக்கறோம். ஒவ்வொரு வேளையையும் தனித்தனி துணிப்பைல போட்டு மேல "காலை", "மதியம்", "ராத்திரி"னு பேப்பர் ஒட்டிடுங்க. சின்ன விஷயமாத் தெரியும், ஆனா பசி நேரத்துல ஒரு பைய திறந்தா அந்த வேளைக்கு உண்டானது மட்டும்தான் கைல வரும், பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து கொறிக்க மாட்டீங்க. என் சாப்பாட்டு அளவு கட்டுக்குள்ள வந்தது இந்தப் பேப்பராலதான்.

குப்பைக்கு ரெண்டு கவர் தனியா எடுத்துக்கோங்க. இலைய ஜன்னல் வழியாவோ கதவு வழியாவோ போடாதீங்க, பின் பெட்டி ஜன்னல்ல இருக்கறவங்க முகத்துல அடிக்கும். கருவாடு, மீன் வறுவல் மாதிரி எதுவும் ஏசி பெட்டிக்குள்ள வேண்டாம், மூடின பெட்டில அந்த வாசனை முப்பது மணி நேரம் போகாது.

எலெக்ட்ரிக் கெட்டில் எடுத்துட்டுப் போய் சார்ஜர் பாயிண்ட்ல மாட்டலாம்னு சிலர் யோசனை சொல்வாங்க. ரயில்ல அதுக்கு அனுமதி கிடையாது, நெருப்பு பிடிக்கற அபாயம், அபராதமும் வரும். வெந்நீர் வேணும்னா வீட்டுலேர்ந்து ஃப்ளாஸ்க்.

6. வண்டில ஏறினதுக்கு அப்புறம்

சாப்பாடு கைல இருந்தும் என் சர்க்கரைய ஏத்தினது டீ தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "சாய் சாய்"னு கூப்பிட்டுக்கிட்டே போவாங்க, வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருக்கறவனுக்கு கை தானா நீளும். அந்த டீல சர்க்கரைய முன்னாடியே கலந்திருப்பாங்க, குறைக்கச் சொல்ல வழி இல்ல. இப்போ நான் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டேன், அதுவும் டீ பேக் எடுத்துட்டுப் போய் ஃப்ளாஸ்க் தண்ணில போட்டுக்கறேன். வேடிக்கை பாக்கும்போது கைக்கு வேலை வேணும்னா நிலக்கடலைய தோலோட எடுத்துட்டுப் போங்க, உரிச்சு உரிச்சு சாப்பிட நேரம் ஆகும்.

பாத்ரூம் போக யோசிச்சு தண்ணி குடிக்காம இருக்காதீங்க, முக்கியமா பெண்கள். அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க, அப்புறம் ரெண்டு நாள் நீர்க்கடுப்பு. ஸ்டேஷன்ல ரயில் நீர் (ரயில்வேயோட பாட்டில் தண்ணி) ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் லேர்ந்து 14 ரூபாய். மூடி சீல் உடையாம இருக்கான்னு திருகிப் பாத்து வாங்குங்க.

நடை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்டியோட இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசிக்கு ரெண்டு நடை நடங்க, சாப்பிட்டதும் கட்டாயம். நடக்க முடியாத பெரியவங்க உக்காந்தபடியே குதிகால தூக்கித் தூக்கி இறக்கினா கால் வீக்கம் குறையும். பெரிய ஸ்டேஷன்ல அஞ்சு பத்து நிமிஷம் நிக்கும்போது இறங்கி நடக்கலாம், ஆனா உங்க பெட்டி வாசல விட்டு தள்ளிப் போகாதீங்க.

மிடில் பெர்த் ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரைக்கும்தான் போடலாம். அதனால ராத்திரி சாப்பாட்ட எட்டரைக்குள்ள முடிச்சிடுங்க, அப்புறம் நிமிர்ந்து உக்கார இடம் இருக்காது.

7. வாங்கித்தான் ஆகணும்னா

வண்டி ஆறேழு மணி நேரம் லேட் ஆகலாம், பனிக்காலத்துல வட இந்தியால சாதாரணம். அப்போ ஐஆர்சிடிசி ஈ கேட்டரிங்ல டிக்கெட்ல இருக்கற பிஎன்ஆர் நம்பர் போட்டு ஆர்டர் பண்ணினா பெரிய ஸ்டேஷன்ல சீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க. ஸ்டேஷன் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டுடுங்க. வெறும் ரொட்டி, தால், தயிர் போதும், எண்ணெய் மிதக்கற பனீர் வேண்டாம். வண்டியோட சமையல் பெட்டி, அதான் பேன்ட்ரில ஸ்டாண்டர்ட் வெஜ் சாப்பாடு 80 ரூபாய், டிபன் 40. மேல கேட்டா பில் கேளுங்க, தரலன்னா ரயில்வே உதவி எண் 139 க்கு போன் பண்ணுங்க. திறந்து வெச்ச நறுக்கின பழம், ஆறிப்போன கட்லெட் ரெண்டும் எவ்வளவு பசிச்சாலும் தொடாதீங்க.

8. செலவு

ரெண்டு பேருக்கு மூணாவது ஏசி ஒரு வழிக்கு நாலாயிரத்துக்கு மேல ஆகும். வீட்டுச் சாப்பாடு மாவு, அவல், கோதுமை, தக்காளி, கடலை, பழம், மோர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 380 ரூபாய் ஆச்சு. பேன்ட்ரில டிபனும் ரெண்டு சாப்பாடும் வாங்கினா ரெண்டு பேருக்கு 400. அதனால காசு மிச்சம் ஆகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, சமமாத்தான் வரும். டீயும் சமோசாவும் வாங்காம இருக்கறதுலதான் ஒரு இருநூறு முந்நூறு நிக்கும். உங்க உழைப்பு அஞ்சு மணி நேரம் தனி.

9. திரும்பி வரும்போது

போகும்போது பாத்துப் பாத்து கட்டிட்டு வரும்போது கோட்டை விடறதுதான் வழக்கம். அக்கா வீட்டுல கடைசி நாள் ஷாப்பிங், விருந்துன்னு ஓடிடும், சமைக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால ரெண்டு ஆளுக்கு உண்டான அவலும் ஒரு சின்ன பாட்டில் புளிக்காய்ச்சலும் சென்னையிலேர்ந்து கூடவே எடுத்துட்டுப் போய் அங்க ஃபிரிட்ஜ்ல வெச்சிடுங்க. டெல்லில கொய்யாவும் வறுத்த கொண்டைக்கடலையும் எந்தத் தெருமுனைலயும் கெடைக்கும். சப்பாத்தி மட்டும் அன்னைக்கு மத்தியானம் சுட்டா போதும், குளிர்காலம்னா பால் ஊத்தி பிசைஞ்சது. ஆக்ரா பேட்டா (அந்த ஊர் இனிப்பு) டப்பாவ சொந்தக்காரங்களுக்கு வாங்கினீங்கன்னா பெரிய பெட்டிக்குள்ள வெச்சு ஜிப்ப பூட்டிடுங்க, கைப்பைல வேண்டாம்.